ஏழாம் நம்பர் பெட்

அப்பாவை ஐசியுவில் சேர்த்த முதல் நாள், இரவு பதினோரு மணி இருக்கும். காத்திருப்போர் கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருந்த ஓர் அக்கா எழுந்து வந்து கேட்டார்.

"எந்த பெட்டு தம்பி?"

"ஏழு."

"பேரு?"

என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பேரு இல்ல தம்பி. உள்ள இருக்கிறவங்க பேரு."

சொன்னேன். அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "சரி, படுங்க. ராத்திரி மூணு மணிக்கு மேல குளிரும், போர்வை இல்லன்னா எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எதற்காகப் பெயர் கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. கரகரவென்று ஒரு சத்தம், அதன் பிறகு "பெட் நம்பர் ஃபோர் அட்டெண்டர்" என்று ஒரு குரல் வரும். அந்தக் கரகர சத்தத்துக்கே முப்பது பேரும் நிமிர்ந்துவிடுவோம். நம்பரைச் சொன்னதும் இருபத்தொன்பது பேர் மூச்சுவிடுவார்கள், ஒருவர் மட்டும் செருப்பைத் தேடுவார். பெரும்பாலும் மருந்துச்சீட்டாகத்தான் இருக்கும், இல்லையென்றால் பணம் கட்டச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கதவு வரை நடக்கும் பத்தடி தூரத்தில் மனதில் என்னென்ன ஓடும் என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்களும் நம்பர்கள்தான். "ஏழு, உங்க சாவி கீழ விழுந்துடுச்சு" என்று ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குக் கண் விழித்தபோது அந்த அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஐசியு கதவைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது. அதிகம் போனால் பத்து நிமிடம். நடுவில் என் அப்பாவின் பெயர் காதில் விழுந்தது.

இரண்டாம் நாள்தான் கேட்டேன். "நம்பரச் சொல்லி எப்படி தம்பி கடவுள்கிட்ட கேக்குறது? அதான் பேரு கேட்டு வச்சிக்கிறேன்" என்றார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எல்லாப் படுக்கைக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது. ஒரு படுக்கைக்கு ஆள் மாறினால் புதிதாக வந்தவரின் வீட்டாரிடம் போய் விசாரித்துவிடுவார். அவருடைய மகன் நான்காம் படுக்கையில் இருந்தான். இருபத்திரண்டு வயது. பைக் விபத்து, தலையில் அடி. நாங்கள் வந்தபோது அவர்கள் வந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஊர். கணவர் கடையைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார். கடையை மூடினால் அடுத்த வாரம் மருத்துவமனைக்குக் கட்ட எதுவும் இருக்காது.

எனக்கு நம்பிக்கை கிடையாது. அதை நான் படித்தோ சிந்தித்தோ அடைந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்பாவிடமிருந்து வந்தது, மூக்கு மாதிரி. அவர் பஸ் கண்டக்டர், திராவிடர் கழகத்துக்காரர், எங்கள் வீட்டில் சாமி படம் மாட்ட ஆணி அடித்ததில்லை. அம்மா அப்படியில்லை. நாங்கள் ஆம்பூரில் இருந்தபோது எனக்கு நான்கைந்து வயதுவரை ராத்திரியில் வீரிட்டு அழும் பழக்கம் இருந்ததாம். அப்பா இரண்டாம் ஷிஃப்ட் போயிருக்கும் நாட்களில், சாயங்காலத் தொழுகை முடியும் நேரம் பார்த்து, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்குப் போவார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நிற்பார்கள். சிலர் கையில் சொம்புத் தண்ணீர். பொட்டு வைத்தவர்கள், சிலுவை போட்டவர்கள், எல்லாரும் உண்டு. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் போகிற போக்கில் நின்று, ஏதோ ஓதி, பிள்ளைகளின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். அத்தர் வாசனையும் வெற்றிலை வாசனையும் கலந்த ஒரு சூடான காற்று. அது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. யாரும் பேர் கேட்க மாட்டார்கள், என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள், காசும் வாங்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது இன்றும் நடக்கிறது. அந்த வரிசையைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

அப்பாவுக்கு இது தெரியுமா என்று பிற்பாடு அம்மாவைக் கேட்டேன். "தெரியும். தெரியாத மாதிரி இருந்தாரு" என்றார். அம்மா போய் ஆறு வருடங்கள் ஆகின்றன.

மருத்துவமனைக்கு வருகிறேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அந்த அக்காவும் நானும் கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "தம்பி, நீங்களும் எம்பையனுக்கு ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க. பெத்தவ கேக்குறதுல சுயநலம் இருக்கும். அடுத்தவங்க கேட்டா அதுக்கு வேற மரியாதை."

நான் "கண்டிப்பா அக்கா" என்றேன்.

இவ்வளவுதான். பொய் என்று தெரிந்தே சொன்னேன், ஆனால் சொல்லும்போது அது பொய்யாகப் படவில்லை. ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாருக்காவது அப்பாவோ அம்மாவோ இறந்தால், ஆஸ்பத்திரியில் இருந்தால், வரிசையாக நாற்பது கூப்பிய கைகள் வந்து விழும். நானும் ஒன்று போடுவேன். என் அப்பாவுக்கும் அப்படி நாற்பது வந்திருந்தது. அதைப் போட்ட யாராவது அந்த நொடியில் கண்ணை மூடியிருப்பார்களா என்று நான் யோசித்ததில்லை, ஏனென்றால் நானும் மூடியதில்லை. "கண்டிப்பா அக்கா" என்பதும் அந்தக் கைகளைப் போலத்தான் என் வாயிலிருந்து வந்தது. பையன் பெயர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. அவரும் அதைக் கவனித்திருப்பார்.

அன்று இரவு எனக்கு ஆன்கால் முறை. எங்கள் சர்வரில் ஏதாவது கோளாறென்றால் போன் அலறும். நல்லவேளையாக எதுவும் நடக்கவில்லை, தூக்கமும் வரவில்லை. பிரார்த்தனையால் நோய் தீருமா என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். உறுத்தலை ஆராய்ச்சியாக மாற்றிக்கொள்வது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குக் கைவந்த கலை.

அளந்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு குழுவினரிடமும் "உங்களுக்காகப் பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள். அதில் ஒரு குழுவுக்குப் பிரார்த்தனை நடந்தது, மற்றதற்கு நடக்கவில்லை. மூன்றாவது குழுவிடம் "நிச்சயமாக உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்" என்று சொல்லியே செய்தார்கள். முடிவில், பிரார்த்தனை நடந்த முதல் குழுவில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. நடக்காத குழுவில் 51 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லிச் செய்த மூன்றாவது குழுவில் 59. கொஞ்சம் அதிகம்! தற்செயலாகவும் இருக்கலாம். அல்லது "எனக்காக ஊரே வேண்டுகிறது என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா" என்ற பயமாகவும் இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால் பிரான்சிஸ் கால்டன். 1872-இல் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை எழுதினார். தேவாலயங்களில் வாராவாரம் அரசருடைய நீண்ட ஆயுளுக்காக நாடே வேண்டிக்கொள்கிறது, அப்படியானால் அரச குடும்பத்தினர் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ வேண்டுமே என்று கணக்குப் பார்த்தார். வசதி படைத்த வர்க்கத்தாரில் அரச குடும்பத்தினருக்குத்தான் ஆயுள் மிகக் குறைவு என்று வந்தது. விடிகாலை இரண்டு மணிக்கு அந்தக் கூடத்தில் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அப்பா படித்தால் விசில் அடிப்பார் என்று தோன்றியது. பிறகுதான் அவருக்கு இனிமேல் படிக்க வருமா என்பதே தெரியாது என்று உறைத்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன.

ஆனால் பென்சன் ஆய்வில் ஒரு சின்ன விவரம் என்னை விடவில்லை. வேண்டிக்கொண்டவர்களிடம் நோயாளிகளைப் பற்றி என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பெயரும், குடும்பப் பெயரின் முதல் எழுத்தும். அவ்வளவுதான். ஊர், முகம், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதுவும் கிடையாது. ஆய்வென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். பிரார்த்தனையைத் தவிர வேறு எதுவும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. போர்வை, டீ, "உங்க சாவி கீழ விழுந்துடுச்சு" என்பதெல்லாம் கலந்துவிட்டால் எதை அளக்கிறோம் என்று தெரியாமல் போய்விடும். அவர்கள் செய்தது சரி. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, எதிரே தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் வேண்டுதலிலிருந்து அவற்றையெல்லாம் கழித்துவிட்டால் அவருக்கு அது என்னவென்றே அடையாளம் தெரியாது என்பதுதான். அப்படித் தோன்றியதே தவிர, எழுந்துபோய் நான்காம் படுக்கைப் பையனுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கட்டுரையை புக்மார்க் செய்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

பதினொன்றாம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். ஸ்பீக்கரில் கூப்பிட்டதும் ஓடினேன். ஸ்ட்ரெச்சர் வேறு வழியாக லிஃப்டுக்குப் போனது, நானும் அதோடு போய்விட்டேன். பையை எடுக்கத் திரும்ப வந்தபோது அக்காவின் பாய் சுருட்டி வைத்திருந்தது, அவர் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் வந்துவிடுவாரோ என்று வேகமாக நடந்தேன். என் ஆள் வெளியே வந்துவிட்டார், அவருடைய ஆள் உள்ளே இருக்கிறான். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால். மருந்து வாங்க ஜிபே செய்தபோது பதிந்து வைத்த எண், 'ஐசியு அக்கா' என்று. நான் மீட்டிங்கில் இருந்தேன். மீட்டிங் முடிந்தும் கூப்பிடவில்லை.

எட்டு மாதங்கள் போயின. அப்பா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். பேச்சு வார்த்தை வார்த்தையாகத் திரும்பியது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண் வருவார். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார். 'நாற்காலி' வந்தது. 'குடை' வந்தது. ஒருநாள் பூனையைக் காட்டி 'பஸ்' என்றார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் மருத்துவமனைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூரம் வந்துவிட்டால் எல்லாமே கதைதானே. அந்த அக்கா ஒன்பது படுக்கைக்கும் ரோல் கால் எடுக்கிற மாதிரி விடிகாலையில் வேண்டிக்கொண்டதை நடித்துக் காட்டினேன். "நம்ம கறுப்புச் சட்டைக்காரருக்கும் ஸ்பெஷல் பூஜை" என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார், ஒரு வார்த்தையாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

வந்தது. "பையன்?" என்றார்.

"எந்தப் பையன்பா?"

"அந்தம்மா... பையன். எப்... எப்படி?"

"தெரியலப்பா."

அப்பா இடது கையில் பிடித்திருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தார். கோபமாகக்கூட வைக்கவில்லை. என்னைச் சிறிது நேரம் பார்த்தார். அதற்கப்புறம் அன்று அவர் சாப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க சாமி இல்லை என்று சொன்ன மனுஷனுக்கு, தனக்காக ஒரு சாமியிடம் மனு போட்டவரைப் பற்றிக் கேட்கத் தோன்றிய முதல் கேள்வி அது. எனக்கு எட்டு மாதங்களாக அந்தக் கேள்வி வரவில்லை. வந்தது, நான்தான் எடுக்கவில்லை, மிஸ்டு கால் மாதிரி.

மறுநாள் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"ஏழாம் நம்பர் தம்பியா? அப்பா எப்படி இருக்காங்க?"

நடக்கிறார், கொஞ்சம் பேசுகிறார் என்றேன். "அப்பாடா" என்று பெரிதாக மூச்சுவிட்டார். "அன்னிக்கு வந்து பாத்தா நீங்க இல்ல. நர்ஸுங்க சரியா சொல்லல. ஒருவேளை அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோ, அதான் சொல்லாம போயிட்டீங்களோன்னு எனக்கு ஒரே இதுவா இருந்துச்சு. போன் போட்டேன், எடுக்கல. சரி, எதுவா இருந்தாலும் நாம விடக் கூடாதுன்னு இன்னிய வரைக்கும் அவங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எங்கள் வேலையில் ஒன்று நடக்கும். யாரோ ஒருவர் தினம் விடிகாலை நான்கு மணிக்கு ஓடும்படி ஒரு புரோகிராமை எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடுவார். அதை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் அது பாட்டுக்கு வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அன்று அந்த ஞாபகம் வந்தது, சிரிப்பு வரவில்லை. எட்டு மாதம், தினமும் நான்கு மணி.

"அக்கா, தம்பி எப்படி..."

"அவன் போயிட்டான்பா. நீங்க போன மூணாம் நாளு." குரல் மாறவில்லை. பின்னால் யாரோ சில்லறை கேட்டார்கள், "இந்தா தரேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார். "கிட்னி ரெண்டும், கண்ணும் குடுத்தோம். டாக்டருங்க கேட்டாங்க. யார்யாருக்குப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களாம். பேரு தெரியாது. அவங்களுக்கும் வேண்டிக்கிறேன், ஆனா பேரு இல்லாம சொல்றது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

நான் போனைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். அன்று கேன்டீனில் சொன்னது பொய், நான் வேண்டிக்கொள்ளவே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. அதைச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும், அவருக்கு என்ன ஆகும்? சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

"வர்ற பூசத்துக்கு வடலூர் வாங்க தம்பி. மாசப் பூசத்துக்கு நான் தருமசாலையில இருப்பேன். காய் நறுக்க ஆள் வேணும்" என்றார்.

வடலூர் என்றால் பள்ளிப் புத்தகத்தில் படித்த வள்ளலார் மட்டும்தான் எனக்குத் தெரியும். வெள்ளைத் துணியால் முக்காடு போட்ட படம், பயிர் வாடினால் தானும் வாடியவர் என்று ஒரு பாடம், ஐந்து மதிப்பெண் கேள்வி. போவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். 1823-இல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தவர். இளமைக்காலம் சென்னையில், ஏழுகிணறு பகுதியில். பிறகு கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கடும் பஞ்சம். பத்து வருடம் கழித்து அதைவிடப் பெரிய பஞ்சம் வந்தது. அன்று மூட்டிய அடுப்பு அணையவில்லை என்கிறார்கள். நெருப்பைத் தொடர்ந்து காத்துவருகிறார்கள்.

சத்திய ஞானசபையைக் கட்டி முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 தைப்பூசத்தில். அதாவது கால்டன் இங்கிலாந்தில் பிரார்த்தனைக்குக் கணக்குப் போட்ட அதே வருடம். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, தெரிந்திருந்தாலும் பேச ஒன்றும் இருந்திருக்காது. எனக்கு மட்டும் அந்த வருடத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் படிப்பதை நிறுத்தத் தோன்றியது. வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடையில் திரும்பத் திரும்பச் சொல்வது, இன்னொரு உயிரின் துன்பத்தைக் கண்டு உருகுவதுதான் கடவுள் வழிபாடு, அதில் முதலில் தீர்க்க வேண்டியது பசி என்பது. பசியைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள் மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கும். பசி வந்தால் காது என்ன ஆகும், கண் என்ன ஆகும், மனம் எப்படித் தடுமாறும், கைகால் எப்படிச் சோரும் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போவார். பட்டினி கிடந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழியாகப் போய்ச் சேரும்போது காலை பத்து மணி. அக்கா என்னைப் பார்த்து முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். கூடத்தில் இருந்தபோது இருவருக்கும் வேறு முகம். கொஞ்சம் இளைத்திருந்தார், வெள்ளைப் புடவை. என்னை இழுத்துக்கொண்டு போய், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் நிறுத்தினார்.

"யாரு தெரியுதா? ஏழாம் நம்பர் பெட்டு."

"அய்யோ, இந்தத் தம்பியோட அப்பாவா!" என்று ஒரு பாட்டி அரிவாள்மணையிலிருந்து எழுந்தேவிட்டார். அப்பாவின் பெயரைச் சொல்லி, "எப்படி இருக்காரு? பேச்சு வந்துடுச்சா?" என்று கேட்டார். இன்னொருவர், "வலது கைதானே?" என்றார். அக்கா அந்தப் பெயர்களையெல்லாம் இவர்களிடமும் கொடுத்து வைத்திருந்திருக்கிறார். குறிஞ்சிப்பாடியிலும் வடலூரிலும் முன்பின் தெரியாத பெண்கள் எட்டு மாதங்களாகக் காய் நறுக்கிக்கொண்டே என் அப்பாவின் வலது கையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு உட்கார இடம் கொடுத்து ஒரு கூடை கத்திரிக்காயைத் தள்ளினார்கள். என் வேகத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் பரிமாறுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஞானசபைப் பக்கம் போனேன். எண்கோண வடிவக் கட்டடம். புலால் உண்ணாதவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற பொருளில் வாசலில் அறிவிப்பு இருக்கிறது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் தின்ற ஆம்பூர் பிரியாணி நினைவுக்கு வந்தது. எனக்குச் சுருக்கென்றது, கோபமும் வந்தது. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து இந்த ஊரில் யார் யாரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது ஒன்றும் ரகசியமில்லையே. அக்காவிடம் அதைக் கேட்டும்விட்டேன். சாதி, மதம், சமயம் எதுவும் வேண்டாம் என்று தூக்கிப்போட்டவர் இப்படி ஒரு கதவை ஏன் வைத்தார்?

அவர் வாதம் செய்யவில்லை. "உயிரக் கொல்றது அவரால தாங்க முடியல தம்பி, அதான். ஆனா பசிக்கு அந்தக் கணக்கு கிடையாது. கறி திங்கிறவனுக்கும் பசிச்சா சோறு போடணும்னு அவரேதான் சொல்லியிருக்காரு. சபைக்குள்ள வராட்டி என்ன, சாலையில உக்காந்து சாப்புடுங்க" என்றார். வள்ளலாருடைய நெறியில் புலால் உண்பவர்களுக்குப் புறவினத்தார் என்று பெயர். அவர்களுக்கும் பசி நீக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்தப் பெயர் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் கும்பிடுகிற இடத்தில் ஓர் எல்லையைப் போட்டவர், சோறு போடுகிற இடத்தில் அதை எடுத்துவிட்டார் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள், தைப்பூசத்தில் ஏழும் விலகும். இரவில்தான். நான் அதுவரை இருக்கவில்லை.

மதியப் பந்தியில் சாம்பார் வாளியோடு நான்கு வரிசை நடந்தேன். முதல் வரிசையில் இலையைப் பார்த்து ஊற்றினேன். ஒரு சின்னப் பெண் "அண்ணா, என் மூஞ்சியப் பாத்து ஊத்துங்க, போதும்னு சொல்றேன்ல" என்று அதட்டினாள். அதற்கப்புறம் முகத்தைப் பார்த்து ஊற்றினேன். பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்து வந்தவர்கள் இருந்தார்கள், கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், நெய்வேலியில் கட்டட வேலைக்கு வந்த இந்திக்காரப் பையன்கள் இருந்தார்கள். எனக்குள் பெரிதாக எதுவும் பொங்கவில்லை. தோள்பட்டை வலித்தது. ஆனால் பதினொரு நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒருவர் முகத்தையும் இப்படிப் பார்த்ததில்லை என்பது மட்டும் புரிந்தது.

கடைசிப் பந்தி முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து வீடியோ கால். அப்பா. அக்காவைக் காட்டினேன். அவர் "அய்யா, நல்லா இருக்கீங்களா" என்று பெரிதாகக் கும்பிட்டார். அப்பா கும்பிடவில்லை. அவருக்கு வலது கை எழும்பாது, எழும்பினாலும் எப்போதும் சொல்கிற 'வணக்கம்'தான் சொல்வார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். சொல்ல எதையோ தேடினார். நாங்கள் காத்திருந்தோம்.

"பையன்... பேரு?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்பதை அவர் அப்போது நிச்சயமாகத் தெரிந்துகொண்டிருப்பார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மகனின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நடுவில் ஒரு ழகரம் வரும் பெயர். அப்பாவுக்கு ழகரம் அதுவரை வந்ததில்லை. பயிற்சியாளரே அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

முதல் தடவை ளகரமாக வந்தது. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பச் சொன்னார், பாதியில் நின்றது. அக்கா இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தார், குழந்தைக்குச் சொல்வது போல, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டி. வாளி கழுவிக்கொண்டிருந்த பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

மூன்றாவது தடவை வந்துவிட்டது.